பிறர் வாயில் பிழைத்த பாட்டு

அமெரிக்கப் பாடகர் ஜான் பிரைனின் ‘ஃபேர் அண்ட் ஸ்கொயர்’ ஆல்பம் 2005இல் வந்தது. அதைத் திரும்பத் திரும்பக் கேட்ட நாட்களில் ஒரு பாட்டு மட்டும் என்னை விடவே இல்லை. ‘க்ளே பிஜியன்ஸ்’ என்று பெயர். ஊரைவிட்டுக் கிளம்பப்போகிற ஒருவனின் பாட்டு. பேருந்து நிலையம், பக்கத்து இருக்கையில் யாரோ ஒரு தாய், அவள் பிள்ளைகள், முடியாத சாலை. பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. கேட்டு முடித்தால் மட்டும் நாமே எங்கோ இறங்கி நிற்பதுபோல் இருக்கும்.

பிரைன் தன் பாட்டைத் தானே எழுதியவர். எளிய மனிதர்களை எளிய சொற்களில் எழுதுவதில் அவருக்கு நிகரானவர்கள் சிலரே. அதனால் இதுவும் அவருடையது என்றே எடுத்துக்கொண்டேன். பல மாதம் கழித்து ஆல்பத்தின் உறையை நிதானமாகப் படித்தபோதுதான் அந்தப் பாட்டின் பக்கத்தில் வேறொரு பெயர் இருப்பதைக் கண்டேன். பிளேஸ் ஃபோலி. அந்தப் பெயரை அதற்குமுன் நான் கேட்டதில்லை. அப்போது அவர் இறந்து பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவரைத் தேடிப் போனால் முதலில் எதிர்ப்படுவது பாட்டல்ல, கதை. கதை என்றால் ஒன்றிரண்டல்ல. இயற்பெயர் மைக்கேல் டேவிட் ஃபுல்லர். 1949 டிசம்பர் 18 அன்று ஆர்கன்ஸா மாநிலத்தின் மால்வெர்னில் பிறந்து டெக்சாஸில் வளர்ந்தவர். குழந்தையிலேயே இளம்பிள்ளை வாதம் தாக்கி ஒரு கால் குட்டையாகிவிட்டது. ஆறடிக்கு மேல் வளர்ந்த அந்த மனிதர் கடைசிவரை விந்தித்தான் நடந்தார். சிறுவயதில் தாயோடும் சகோதரிகளோடும் சேர்ந்து கிறிஸ்தவப் பக்திப் பாடல்கள் பாடிய குடும்பக் குழுவில் இருந்தார். பின்னால் ரெட் ஃபோலி என்ற பழைய கன்ட்ரி பாடகர் மேலிருந்த பிரியத்தில் ஃபோலி என்ற பெயரை வைத்துக்கொண்டார்.

அப்புறம் அந்த டேப். 1980இல் ‘அர்பன் கவ்பாய்’ படம் வந்ததும் மாடு மேய்த்தறியாத நகரத்து ஆட்களெல்லாம் முனையில் வெள்ளித் தகடு பதித்த பூட்ஸ் போட்டுக்கொண்டு மதுக்கூடங்களுக்கு வர ஆரம்பித்தார்கள். ஃபோலி தன் பழைய பூட்ஸின் முனையில் குழாய் ஒட்டும் சாம்பல்நிற டக்ட் டேப்பைச் சுற்றிக்கொண்டார். தூரத்திலிருந்து பார்த்தால் அதுவும் வெள்ளிபோல மின்னும். பிறகு அதே டேப்பால் ஒரு முழு உடுப்பே செய்து அணிந்தார். வீடு என்று ஒன்று இல்லாமல் நண்பர்களின் சோபாக்களிலும் பில்லியர்ட்ஸ் மேசைக்கு அடியிலும் தூங்கினார். ஆஸ்டின் நகரத்துக் குப்பைப் பெட்டிகளில் அவற்றை வைத்த நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கமாக பி.எஃப்.ஐ. என்று எழுதியிருக்கும். அதற்கு ‘பிளேஸ் ஃபோலி இன்சைட்’ என்று பொருள் சொல்வாராம். சில இரவுகளில் அது பொய்யுமில்லை.

1989 பிப்ரவரி 1 அன்று ஆஸ்டினில் ஒரு வீட்டில் சுடப்பட்டு இறந்தார். அந்த வீட்டு முதியவர் அவருடைய நண்பர். முதியவரின் பென்ஷன் காசோலைகள் தொடர்பாக அவருடைய மகனோடு ஃபோலிக்குத் தகராறு இருந்தது. சுட்டது அந்த மகன். தற்காப்புக்காகச் சுட்டதாக ஏற்று நீதிமன்றம் அவனை விடுதலை செய்தது. ஃபோலிக்கு வயது 39. அடக்கத்தின்போது நண்பர்கள் சவப்பெட்டி முழுக்க டக்ட் டேப் ஒட்டினார்கள். அவருடைய நெருங்கிய தோழர் டவுன்ஸ் வான் சாண்ட், தன் கிட்டாருக்கான அடகுச் சீட்டு பிணத்தின் கோட்டுப் பையிலேயே போய்விட்டதால் கல்லறையைத் தோண்டி எடுத்த கதையை ஆண்டுக்கணக்கில் மேடைகளில் சொல்லிவந்தார்.

இவ்வளவையும் எழுதிவிட்டேன். இவை இல்லாமல் அவரைப் பற்றி எழுத முடியாது என்பது தெரியும். ஆனாலும் எழுதும்போதே எனக்குள் ஒரு வருத்தம். இந்தக் கதைகளைக் கேட்டவர் எவரும் அவற்றை மறக்க மாட்டார். பாட்டைக் கேட்டாரா என்று பார்த்தால் பாதிப்பேர் கேட்டிருக்க மாட்டார்கள். கைவிடப்பட்ட மேதை, தெருவில் தூங்கிய கவிஞன், இளமையில் மரணம் என்கிற சட்டத்துக்குள் ஒரு படம் போய் உட்கார்ந்துவிட்டால், அந்தப் படத்துக்குரியவன் ஒரு சொல்லுக்காக எத்தனை நாள் காத்திருந்தான் என்று யாரும் கேட்பதில்லை. அவனுடைய துன்பமே அவனுடைய கலை என்று முடிவுகட்டிவிடுகிறோம். துன்பம் எத்தனையோ பேருக்கு இருக்கிறது. ‘க்ளே பிஜியன்ஸ்’ எழுதியவர் ஒருவர்தான்.

அந்தப் பாட்டை மறுபடி எடுத்துக்கொள்கிறேன். பல தடவை கேட்டபிறகுதான் ஒன்று எனக்குப் பிடிபட்டது. அதில் நடப்பவை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த பயணமும் சந்திப்பும் புதிய ஊரும் ஒன்றுகூட நடப்பதில்லை. எல்லாம் எதிர்காலம். போகப்போகிறான், உட்காரப்போகிறான், பாடப்போகிறான், பழையபடி ஆகப்போகிறான். பாட்டு முடியும்போதும் அவன் நாற்காலியைவிட்டு எழவே இல்லை. இன்னும் உட்கார்ந்தபடிதான் இருக்கிறான். கேட்கிற நாம்தான் ஊர் ஊராய்ப் போய்வந்திருக்கிறோம். ஒரே வினைக்காலத்தை இப்படி மூன்று நான்கு நிமிடம் இழுத்துப் பிடித்து, அது சலிக்காமல், பொய்யாகவும் ஒலிக்காமல் பார்த்துக்கொள்வது குடிகாரனின் தற்செயல் அல்ல. அது தெரிந்து செய்த வேலை.

தலைப்பையும் பாருங்கள். களிமண் புறா என்பது துப்பாக்கிப் பயிற்சிக்காக ஆகாயத்தில் எறியும் சிறு வட்டத் தட்டு. ஒரு காலத்தில் உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுட்டார்கள். பிறகு அவற்றுக்குப் பதிலாக மண் தட்டு வந்தது. புறா போனபின்னும் பெயர் தங்கிவிட்டது. அது தானாகப் பறக்காது. யாராவது எறிய வேண்டும்; எறிவதும் உடைப்பதற்குத்தான். இதையெல்லாம் பாட்டு விளக்குவதே இல்லை. ஓரிடத்தில் அந்தச் சொல்லைப் போகிற போக்கில் திருப்பிப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. கேட்கிறவன் அங்கே ஒருகணம் தடுக்கி, பிறகு தொடர்கிறான்.

ஃபோலியின் இன்னொரு பெரிய பாட்டு ‘இஃப் ஐ குட் ஒன்லி ஃப்ளை’. 1979இலேயே ஒரு சிறு இசைத்தட்டாக அவர் குரலில் வந்தது; அநேகமாக யாரும் கவனிக்கவில்லை. 1975இல் ஜார்ஜியாவில், வைட்ஸ்பர்க் ஊருக்குப் பக்கத்தில் பழைய ஆலை ஒன்றைச் சுற்றிக் கூடியிருந்த கலைஞர்களுக்கு நடுவே, சிபில் ரோசன் என்ற இளம் நடிகையைச் சந்தித்தார். இருவரும் காட்டுக்குள் ஒரு மரவீட்டில் குடியிருந்தார்கள். பாட்டுக்காக அவர் டெக்சாஸுக்கும் பிற ஊர்களுக்கும் போகப்போக அந்த வாழ்வு கலைந்தது. அந்தப் பிரிவிலிருந்து வந்த பாட்டு இது. ரோசன் பின்னாளில், 2008இல், அந்த நாட்களைப் பற்றி ஒரு நினைவுநூல் எழுதினார்.

இந்தப் பாட்டை ஒருமுறை தமிழில் சொல்லிப் பார்த்தேன். தலைப்பைத் தாண்ட முடியவில்லை. பறக்க மட்டும் முடிந்தால். நம் பேச்சில் இப்படி ஒரு வாக்கியத்தைத் தொடங்கி நிறுத்திவிடுவோம். ‘மட்டும் முடிஞ்சா…’ என்று இழுத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்ப்போம். அதன் மிச்சத்தை யாரும் கேட்க மாட்டார்கள். மிச்சம் இல்லை என்பது சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். ஃபோலியின் பாட்டு முழுதும் அந்த இழுப்பில்தான் நிற்கிறது. ‘க்ளே பிஜியன்ஸ்’ பாட்டில் எதிர்காலம், இதில் ‘ஆல்’ விகுதி. இரண்டு பாட்டிலும் நடந்து முடிந்தது என்று ஒன்றுமே இல்லை.

பெயரில் பறத்தல் இருந்தாலும் இது கால்களைப் பற்றிய பாட்டு என்றே எனக்குப் படுகிறது. பறக்க ஆசைப்படுகிறவனுக்கு நிற்கவே தெம்பில்லை, ஓடவும் இடமில்லை. ஒரு கால் குட்டையான இளைஞன் இதை எழுதியிருக்கிறான் என்பதை அறிந்தபிறகு அந்த இடத்தை என்னால் சாதாரணமாகக் கடக்க முடிந்ததில்லை. பாட்டில் காலைப் பற்றிய புலம்பல் ஒரு சொல்கூடக் கிடையாது. தன்னைப் பற்றிய இரக்கத்தை அவ்வளவு இறுக்கமாக வெளியே நிறுத்திவைத்திருக்கிறார்.

இப்படிப்பட்ட பாட்டுகள் எப்படி ஒரு சிறு வட்டத்தைத் தாண்டாமல் போயின? பதில் ஓரளவு மிகச் சாதாரணமானது: கேட்பதற்கு இசைத்தட்டு அநேகமாக இல்லை. 1984இல் அலபாமாவின் மஸில் ஷோல்ஸில், பெரிய பெரிய பாடகர்கள் வந்து பதிவு செய்த அந்தச் சிற்றூரில், ஃபோலி ஒரு முழு ஆல்பம் பதிவு செய்தார். பணம் போட்டவர் போதைப்பொருள் வழக்கில் சிக்க, மூல டேப்புகளை அரசு அதிகாரிகள் கைப்பற்றிக்கொண்டு போனார்கள். இன்னொரு ஆல்பத்தின் டேப்புகள், அவர் குடியிருந்த காரிலிருந்து மற்ற உடைமைகளோடு களவுபோயின. மூன்றாவது ஒன்று தொலைந்தது என்றே எல்லோரும் நம்பியிருந்தார்கள்; அவர் இறந்து பல ஆண்டுக்குப் பிறகு பழைய சகவாத்தியக்காரர் ஒருவரின் காரில் கிடைத்து 2005இல் ‘வாண்டட் மோர் டெட் தேன் அலைவ்’ என்று வெளிவந்தது. துரதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அது மட்டுமல்ல. குடியும் கோபமும் அவருக்கு எதிராகப் பல கதவுகளைச் சாத்தின. பாட இடம் கொடுத்த மதுக்கூடங்களே அவரை வெளியே அனுப்பின. நேசித்தவர்கள்தான் இதையும் சொல்கிறார்கள்; மறைக்காமல் சொல்வதால் அவர்களை நம்புகிறேன்.

தட்டு இல்லாத பாட்டு எப்படிப் பரவும்? ஆள்மேல் ஆளாகத்தான். ஆஸ்டினின் சின்னச் சின்னப் பார்களில் கேட்டவர்கள் பெரும்பாலும் தாங்களும் கிட்டார் வைத்திருந்தவர்கள். கர்ஃப் மார்லிக்ஸ் அவரோடு வாசித்தவர்; பின்னால் லூசிண்டா வில்லியம்ஸின் ஆல்பங்களைத் தயாரித்தவர். டவுன்ஸ் வான் சாண்ட் எழுபதுகளின் மிகச் சிறந்த பாட்டெழுத்தாளர்களில் ஒருவர். தானும் பிறர் குரல்வழியே உலகத்துக்குத் தெரியவந்தவர். அவருடைய ‘பாஞ்சோ அண்ட் லெஃப்டி’ 1972இல் அவர் குரலில் வந்தபோது பெரிதாகப் போகவில்லை. 1983இல் வில்லி நெல்சனும் மெர்ல் ஹாகர்டும் பாடியபோது பில்போர்டின் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது.

அமெரிக்கக் கன்ட்ரி இசையில் இதில் வெட்கம் ஒன்றும் இல்லை. எழுதுகிறவர் ஒருவர், பாடுகிறவர் இன்னொருவர் என்பதே அந்தத் தொழிலின் பழைய ஏற்பாடு. ‘க்ரேஸி’யை 1961இல் பேட்ஸி க்ளைன் பாடிப் புகழடைந்தபோது அதை எழுதிய வில்லி நெல்சனைப் பாடகராக யாருக்கும் தெரியாது. ‘மீ அண்ட் பாபி மெகீ’யை ஜானிஸ் ஜாப்ளின் பாடினார்; எழுதியவர் கிறிஸ் கிறிஸ்டாஃபர்ஸன். சட்டமும் இதற்கு வழிவிட்டது. ஒரு பாட்டு ஒருமுறை இசைத்தட்டாக வந்துவிட்டால், அதன்பின் யார் வேண்டுமானாலும் எழுதியவரிடம் அனுமதி கேட்காமலே அதைப் பதிவு செய்யலாம்; பிரதிக்கு இவ்வளவு என்று சட்டம் வகுத்த தொகையைக் கொடுத்தால் போதும். 1909ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் தொகையை 2 சென்ட் என்று வைத்தது. 1978 வரை அது மாறவே இல்லை. 2006இல் 9.1 சென்ட் ஆயிற்று. காசு என்று பார்த்தால் அற்பம். பாட்டு என்று பார்த்தால் அது திறந்துவைத்த கதவு பெரிது. யாரும் தடுக்க முடியாத ஒரு பொதுவழியாக அது பாட்டுக்கு ஆகிவிட்டது.

‘பாஞ்சோ அண்ட் லெஃப்டி’யை முதலிடத்துக்குக் கொண்டுபோன அதே ஜோடிதான் 1987இல் ‘சீஷோர்ஸ் ஆஃப் ஓல்ட் மெக்ஸிகோ’ ஆல்பத்தில் ஃபோலியின் ‘இஃப் ஐ குட் ஒன்லி ஃப்ளை’யைப் பாடியது. ஃபோலி அப்போது உயிரோடு இருந்தார். நாடறிந்த இரண்டு குரல்கள், தனக்கென்று ஒரு கூரை இல்லாத மனிதர் எழுதிய பாட்டு. இம்முறை பட்டியலில் அது மேலே ஏறவில்லை. ஆனால் ஹாகர்ட் அதை விடவில்லை. பதினைந்து ஆண்டுகளில் தான் கேட்ட கன்ட்ரி பாட்டுகளிலேயே சிறந்தது என்று அதைச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் 2000இல் தனியாகப் பாடினார். அந்த ஆல்பத்துக்கே பாட்டின் பெயரை வைத்தார்.

ஹாகர்டை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். ரயில்பெட்டி ஒன்றை வீடாக மாற்றி வாழ்ந்த குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் சான் குவென்டின் சிறையில் இருந்தவர். தானே எழுதியும் பாடியும் வந்தவர்; முதலிடம் பிடித்த பாட்டுகள் மட்டும் 38 வைத்திருந்தவர். அறுபதைத் தாண்டிய வயதில் வெளியிடும் ஆல்பத்துக்குப் பெயராக அவர் தன் பாட்டு எதையும் எடுக்கவில்லை. பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு செத்துப்போன, பெரும்பாலோர் கேள்விப்படாத ஒருவனின் பாட்டை எடுத்தார்.

2000ஆம் ஆண்டுப் பதிவை நான் இரவில் மட்டுமே கேட்கிறேன். ஃபோலி அதை எழுதும்போது முப்பதைத் தொடவில்லை. அவர் பாடும்போது ஒரு பெண்ணை நோக்கிப் போகத் துடிக்கும் இளைஞன் கேட்கிறான். ஹாகர்ட் வாயில் அதே சொற்கள். ஒன்றும் மாறவில்லை. நிற்கத் தெம்பில்லை என்கிற இடத்துக்கு வரும்போது அது முட்டி தேய்ந்த கிழவனின் உண்மை. போகத் துடிக்கும் இடமும் மாறிவிடுகிறது. அந்தப் பக்கத்தில் காத்திருப்பது ஒரு பெண்ணாகவும் இருக்கலாம், வெகுநாளுக்கு முன்பு போய்ச்சேர்ந்த எவராகவும் இருக்கலாம். ஒரு சொல்லும் திருத்தாமல் ஒரு பாட்டு முப்பது வயது மூத்துவிடுகிறது. எழுதியவருக்கு வாய்க்காத முதுமை அவருடைய பாட்டுக்கு வாய்த்தது.

பிரைனின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். 1998இல் கழுத்தில் புற்றுநோய் வந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். குரல் கீழிறங்கிக் கரகரப்பேறியது. பத்தாண்டுகளுக்குப் பிறகு தன் புதிய பாட்டுகளோடு அவர் வெளியிட்ட ஆல்பம்தான் ‘ஃபேர் அண்ட் ஸ்கொயர்’. மறுபடி பாடத் தொடங்குவது, மறுபடி பழைய நிலைக்கு வருவது என்பதெல்லாம் அவருக்குப் பேச்சல்ல. ஃபோலியின் பாட்டில் அந்த மனிதன் சொல்கிற ஒவ்வொரு உத்தேசமும் பிரைன் வாயில் வரும்போது, இவர் அதில் சிலவற்றைச் செய்துமுடித்தே இங்கே வந்திருக்கிறார் என்று தோன்றும். அதனால்தான் நான் ஏமாந்தேன். அது அவருடைய பாட்டாகவே இருந்தது. அந்த ஆல்பத்துக்குக் கிராமி விருது கிடைத்தது.

இதில் எனக்கு உறுதியான ஓர் எண்ணம் உண்டு. ஒரு பாட்டெழுத்தாளனைப் பற்றிச் சொல்லக்கூடிய மிகச் சரியான விமர்சனம் இன்னொரு பாட்டெழுத்தாளன் அவன் பாட்டைப் பாடுவதுதான். கட்டுரை எழுதுகிற என்னைப் போன்றவன் ஒரு பலவீனமான வரியைக் கண்டும் காணாமல் கடந்துபோகலாம். பாடுகிறவனால் முடியாது. அந்த வரி ஒவ்வொரு இரவும் அவன் வாய்க்குள் வர வேண்டும். எங்கே மூச்சு எடுப்பது, எந்தச் சொல்லில் குரலை இறக்குவது என்று உடம்பால் தீர்மானிக்க வேண்டும். ஒரு சொல் பொய்யாக இருந்தால் நாக்கு காட்டிக்கொடுத்துவிடும். சொந்தமாக நூற்றுக்கணக்கில் நல்ல பாட்டு வைத்திருக்கும் ஒருவர் அவற்றில் ஒன்றை ஒதுக்கி அந்த இடத்தில் பிறர் பாட்டைப் பாடுகிறார் என்றால், அதற்குமேல் சான்றிதழ் எதுவும் வேண்டாம்.

லைல் லவெட் 2007இல் ஃபோலியின் ‘எலெக்‌ஷன் டே’யைப் பாடினார். மார்லிக்ஸ் 2011இல் முழுக்க முழுக்க ஃபோலியின் பாட்டுகளாலேயே ஓர் ஆல்பம் போட்டார். இவர்கள் எவரும் பரிதாபத்துக்காகப் பாடியவர்களாக எனக்குத் தெரியவில்லை. ஒருவரை நினைவுகூர மலர்வளையம் போதும். பாட்டைப் பாடுவதற்கு அந்தப் பாட்டு தேவைப்பட வேண்டும்.

பாட்டைப் பாடாமல் மனிதரைப் பாடியவர்களும் உண்டு. வான் சாண்ட் 1994இல் ‘பிளேஸஸ் ப்ளூஸ்’ வெளியிட்டார். லூசிண்டா வில்லியம்ஸ் 1998இல் ‘கார் வீல்ஸ் ஆன் எ கிராவல் ரோட்’ ஆல்பத்தில் ‘ட்ரங்கன் ஏஞ்சல்’ பாடினார். அது ஃபோலியைப் பற்றியதுதான். டக்ட் டேப் ஒட்டிய செருப்பு வரை வந்துவிடுகிறது. அதை நான் மதிப்பதற்குக் காரணம் அது அவரைப் புனிதராக்குவதில்லை. நெருங்கிய ஒருவனைக் குடிக்குப் பறிகொடுத்தவளின் கோபம் அதில் இருக்கிறது. ஏன் இப்படிச் செய்தாய் என்று அவள் செத்தவனையே கேட்கிறாள். அன்பு வைத்தவர்தான் அப்படிக் கேட்க முடியும்.

2018இல் ஈதன் ஹாக் ஃபோலியைப் பற்றி ‘பிளேஸ்’ என்ற படத்தை எடுத்தார். ரோசனின் நூலை வைத்து அவரும் ஹாக்கும் சேர்ந்து எழுதிய திரைக்கதை. நடிகரே அல்லாத பென் டிக்கி என்ற இசைக்கலைஞர் ஃபோலியாக வந்தார். சன்டான்ஸ் விழாவில் நடிப்புக்காகச் சிறப்பு விருது பெற்றார். வான் சாண்டாக வருகிற சார்லி செக்ஸ்டனும் கிட்டார் கலைஞர். ஃபோலியின் தந்தையாக ஒரு சிறு காட்சியில் கிறிஸ் கிறிஸ்டாஃபர்ஸன் உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் மௌனமாக. பாடுகிறவர்களின் படமாக அதை எடுக்க வேண்டும் என்று ஹாக் நினைத்தது சரி. படத்தில் ஒரு முழுப் பாட்டை வெட்டாமல் கேட்கவிடுகிற இடங்கள் இருக்கின்றன; அந்த இடங்களுக்காகவே நான் அதை இரண்டாம் முறை பார்த்தேன். டேப்பும் கல்லறையும் அதிலும் வருகின்றன. வராமல் எப்படி இருக்கும்?

ஃபோலியின் சொந்தக் குரலில் எதைக் கேட்பது என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது ஒன்றே. ஆஸ்டினில் அவுட்ஹவுஸ் என்று ஒரு சிறு பார் இருந்தது. 1988 டிசம்பர் 27, 28 ஆகிய இரண்டு இரவுகளில் அங்கே அவர் பாடியதை லாஸ்ட் ஜான் கேஸ்னர் என்ற நண்பர் பதிவு செய்துவைத்தார். முதலில் கேசட்டாகவும் 1999இல் குறுந்தட்டாகவும் வெளிவந்தது. பதிவானது அவர் இறப்பதற்கு ஐந்து வாரம் முன்பு. எவராலும் கைப்பற்ற முடியாத, எவர் காரிலும் தொலையாத ஒரு டேப் கடைசியில் மிஞ்சியது.

கனத்த, அவசரமில்லாத குரல். பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் பேசுவது போன்ற குரல். நடுநடுவே கதையும் சொல்கிறார். சிரிக்க வைக்கிற பாட்டுகளும் நிறைய; ஆட்சியாளர்களை நேரடியாகக் குத்துகிற பாட்டும் உண்டு. சோகப்பாட்டுக்காரர் என்ற முத்திரைக்குள் அவர் அடங்கமாட்டார் என்பது இந்த இரண்டு இரவுகளைக் கேட்டால் புரியும். கிட்டாரில் கட்டைவிரல் கனத்த தந்திகளில் மாறி மாறி விழுந்துகொண்டே இருக்கிறது, நடைபோல. அதன் மேலே மற்ற விரல்கள் மெட்டைக் கிள்ளுகின்றன. அந்தக் கட்டைவிரலின் நடையில் மட்டும் விந்தலே இல்லை. சொல் முந்தினாலும் பிந்தினாலும் அது தன்பாட்டில் சமமாகப் போய்க்கொண்டிருக்கிறது. பார் சத்தத்துக்கு நடுவே அதை மட்டும் தனியாகக் காதுகொடுத்துக் கேட்டுப்பாருங்கள்.

சமீபத்தில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மகன், கல்லூரியில் படிக்கிறவன், மாடிப்படியில் உட்கார்ந்து கிட்டார் பழகிக்கொண்டிருந்தான். இரண்டு சுற்று வாசித்ததுமே தெரிந்துவிட்டது. பாட்டின் பெயரைச் சொன்னேன். அவனுக்கு முகம் மலர்ந்தது.

“ஆமா அங்கிள், ஜான் பிரைன் பாட்டு. உங்களுக்குத் தெரியுமா?”

“பாடினது பிரைன்தாம்ப்பா. எழுதினவர் வேற ஒருத்தர்” என்றேன்.

அவுட்ஹவுஸ் பதிவை என் கைபேசியில் போட்டுப் படிக்கட்டில் வைத்தேன். கிட்டாரை மடியில் படுக்கவைத்துவிட்டுக் குனிந்து கேட்டான். முடிந்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கிட்டாரை நிமிர்த்தி, பாடாமல், கட்டைவிரலால் கனத்த தந்திகளை மட்டும் மாறி மாறித் தட்டிக்கொண்டிருந்தான். நான் விடைபெற்றுக் கீழே இறங்கி வாசலில் செருப்பு மாட்டும்போதும் அந்தக் கட்டைவிரல்தான் கேட்டது. மற்ற விரல்கள் இன்னும் சேரவில்லை.